மெல்போர்னில் எஸ்கார்ட் சந்திப்புக்கு பைக்கில் போவது: முழுமையான வழிகாட்டி

மெல்போர்னில் பாலியல் தொழில் செய்யும் எஸ்கார்ட் ஒருவரைச் சந்திக்கப் போக பைக்கைவிட வசதியான வண்டி கிடையாது. விக்டோரியா மாநிலத்தில் நடைபாதையிலேயே பைக்கை நிறுத்தலாம், மீட்டருக்குக் காசு போட வேண்டாம், அடுக்குமாடி பார்க்கிங்கில் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போக வேண்டாம், சிட்டிலிங்க் சுங்கச் சாலையில் பைக்குக்குக் கட்டணமே இல்லை (ஈஸ்ட்லிங்க்கில் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள்). ஆனால் அதே பைக்தான் முகம் தெரியாத ஹெல்மெட், கருப்பு ஜாக்கெட், வியர்வை நாற்றம், தெருவையே எழுப்பும் சைலன்சர் சத்தம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்கிறது. நம்மை யாரும் பார்க்கக் கூடாது என்று மட்டும் யோசிப்பவர்கள்தான் இதில் சொதப்புகிறார்கள். ரகசியம் அவருக்கும் வேண்டும், நம்மைவிட அதிகமாக வேண்டும், ஏனென்றால் அது அவர் வேலை செய்யும் இடம், சில பேருக்கு அதுதான் வீடும்கூட.

முதலில் சட்டம்

விக்டோரியாவில் பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்த சட்டம் 2022 பிப்ரவரியில் நிறைவேறியது. முதல் கட்டம் 2022 மே 10 அன்றும் இரண்டாம் கட்டம் 2023 டிசம்பர் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. பழைய லைசென்ஸ் முறை அதோடு போய்விட்டது, இப்போது இது மற்ற தொழில்களைப் போல ஒரு தொழில். நியூ சவுத் வேல்ஸ் 1995-லேயே இதைச் செய்துவிட்டது, குயின்ஸ்லாந்து 2024 ஆகஸ்டில். தெற்கு ஆஸ்திரேலியா இன்னும் செய்யவில்லை, அதனால் கிரேட் ஓஷன் ரோடு வழியாக மவுண்ட் கேம்பியர் வரை ஒரு ரைடு போகிறவர்கள் எல்லை தாண்டினால் சட்டமும் மாறுகிறது என்பதை மனதில் வையுங்கள். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. பாலியல் தொழில் தொடர்பான 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே நடப்பில் இருக்கிறது, ஆகவே இதைப் படித்துவிட்டு சென்னையிலோ கோவையிலோ அப்படியே செய்து பார்க்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

குற்றமில்லை என்றால் எதுவும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. 2023 ஜூலை 30 முதல் இங்கே சம்மதச் சட்டம் இன்னும் இறுக்கமாகிவிட்டது: எதிராளி சம்மதிக்கிறார் என்பதை நாம்தான் கேட்டோ பார்த்தோ உறுதி செய்துகொள்ள வேண்டும், சும்மா இருந்தார் என்பது சம்மதம் ஆகாது. சொல்லாமல் ஆணுறையைக் கழற்றுவதும் குற்றம். பணம் தருவேன் என்று பொய் சொல்லி ஏமாற்றினாலும் அங்கே சம்மதமே இல்லை என்றுதான் சட்டம் பார்க்கும். 18 வயதுக்குக் கீழே என்று சின்னச் சந்தேகம் வந்தாலும், வேறு யாரோ மிரட்டி வேலை வாங்குகிறார்கள், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றினாலும், அந்த இடத்தைவிட்டுக் கிளம்பி ஆஸ்திரேலிய ஃபெடரல் போலீஸின் 131 237 எண்ணுக்குச் சொல்லுங்கள். நமக்கு எதற்கு வம்பு என்று ஒதுங்கிப் போகிற விஷயம் இல்லை இது.

புக்கிங்: பைக்கில் வருகிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள்

தனியாகத் தொழில் செய்யும் எஸ்கார்ட்கள் பெரும்பாலும் தங்கள் விளம்பரத்திலேயே எல்லாவற்றையும் எழுதியிருப்பார்கள்: நேரம், கட்டணம், எந்தப் பகுதி, முன்பணம் வேண்டுமா, எப்படித் தொடர்புகொள்ள வேண்டும். முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். "ஹாய்" என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பதில் வராது, வரவும் வேண்டாம். பெயர், வயது, என்று, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், நீங்கள் அவர் இடத்துக்குப் போகிறீர்களா, அவர் உங்கள் இடத்துக்கு வர வேண்டுமா, இவ்வளவும் முதல் செய்தியிலேயே இருக்கட்டும். கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். என்னென்ன செய்வீர்கள் என்று பச்சையாக விவரம் கேட்பதும் அநாகரிகம், விளம்பரத்தில் இல்லாதது கிடையாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலர் உங்களைப் பற்றி விசாரிப்பார்கள். மறைக்காத ஃபோன் நம்பர், வேலை விவரம், முன்பு சந்தித்த வேறு எஸ்கார்ட்டின் பெயர் என்று ஏதாவது ஒன்று கேட்கலாம். முன்பின் தெரியாத ஓர் ஆணைக் கதவைத் திறந்து உள்ளே விடப் போகிறவர் அவர், கேட்பது நியாயம்தான். முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் உங்கள் பெயர் அவருக்குத் தெரியும். சில நேரம் அவருடைய உண்மைப் பெயரும் உங்கள் திரையில் வந்துவிடும். வந்தால் அங்கேயே மறந்துவிடுங்கள், உள்ளே போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவரை உறைய வைக்காதீர்கள். கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணை அனுப்பு என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று வேலை, மேலே பேச வேண்டாம்.

இப்போது பைக்காரர்கள் கூடுதலாக எழுத வேண்டிய ஒரு வரி: "பைக்கில் வருகிறேன், கையில் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் இருக்கும், வந்ததும் குளிக்க முடியுமா?" இந்த ஒரு வரி நிறைய சங்கடத்தை முன்கூட்டியே தீர்த்துவிடும். முகவரியைப் பலர் இரண்டு தவணையாகத்தான் தருவார்கள், முதலில் தெரு முனை, நீங்கள் அங்கே வந்து நின்றபிறகு வீட்டு எண். காரில் இருப்பவர் சட்டென்று ஃபோனைப் பார்ப்பார், நமக்கோ கையுறையைக் கழற்ற வேண்டும், மழை என்றால் திரை விரலுக்கு மசியாது. அதனால் போய்ச் சேர 10 நிமிடம் முன்பே ஓரிடத்தில் நிறுத்தி, வந்துகொண்டிருக்கிறேன் என்று எழுதிவிட்டுப் பதிலைப் பார்த்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

வண்டியும் உடுப்பும்

செயினுக்கு எண்ணெய் போடுவதை முந்தின நாளே முடித்துவிடுங்கள். அன்றைக்கே போட்டால் நகக்கண்ணில் கருப்பு ஏறிவிடும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அந்த விரல்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறினால் தப்பு அவர் மேல் இல்லை. பெட்ரோலும் முன்னாடியே போட்டுக்கொள்ளுங்கள், பம்ப்பில் கையில் ஒட்டும் வாடை கையுறைக்குள் போய் அடைந்துகொள்ளும். ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்றித் துவைத்து எத்தனை மாதமாயிற்று என்று யோசித்துப் பாருங்கள், தலைமுடியில் ஒட்டும் நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. மெல்லிய பருத்தித் தலையுறை ஒன்றை உள்ளே போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

உடுப்பில் ரகசியத்துக்காகப் பாதுகாப்பைக் கைவிடாதீர்கள். டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையுமாகக் கிளம்பி டிராம் தண்டவாளத்தில் சறுக்கினால், பிறகு ஆஸ்பத்திரியில் எங்கே போய்க்கொண்டிருந்தாய் என்ற கேள்வியிலிருந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கெவ்லார் என்ற வலுவான இழை வைத்த ஜீன்ஸ் பார்வைக்குச் சாதாரண ஜீன்ஸ்தான். மேலே அடையாளம் ஏதுமில்லாத கருப்புத் துணி ஜாக்கெட், உள்ளே பாதுகாப்புப் பட்டைகள். கிளப் பேட்ச், முதுகில் பெரிய எழுத்து எல்லாம் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். டேங்க் பையிலோ முதுகுப் பையிலோ ஒரு சுத்தமான சட்டை, உள்ளாடை, சாக்ஸ், சின்ன டவல், வாய் கழுவும் திரவம், நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. சாக்ஸை லேசாக நினைக்காதீர்கள், ரைடிங் பூட்ஸைக் கழற்றியதும் அறைக்குள் முதலில் பரவுவது அந்த வாசனைதான்.

பணத்தை ஒரு கவரில் போட்டு, அந்தக் கவரை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் வையுங்கள். மழையில் ஊறிப்போன கவரை நீட்டுவது பார்க்க நன்றாக இருக்காது (ஆஸ்திரேலிய நோட்டுகள் பிளாஸ்டிக், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, கவர்தான் கூழாகும்).

அடுத்தது கேமரா. ஹெல்மெட்டில் கேமரா மாட்டி ஓட்டுகிறவர்கள் அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அணைத்துத்தான் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம், அதை அவர் எப்படி நம்புவார்? லென்ஸ் வைத்த ஹெல்மெட்டை அறைக்குள் கொண்டுபோய் மேஜையில் வைத்தால் பல எஸ்கார்ட்கள் அந்த நிமிடமே சந்திப்பை முடித்துவிடுவார்கள். அனுமதி இல்லாமல் அந்தரங்கத்தைப் படம் எடுப்பது விக்டோரியாவில் குற்றம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரைடு வரைபடத்தைத் தானாகப் பதிவேற்றும் ஆப் எதுவும் வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள், அந்தக் கோடு போய் முடிவது அவர் வாசலில்.

வழியில்

நேரத்துக்குப் போக வேண்டும் என்ற பதற்றமும் வேறு நினைப்பும் சேர்ந்து ஓட்டுகிறவனைத் தலைகால் புரியாமல் ஆக்கிவிடும். 20 நிமிடப் பயணத்துக்கு 35 நிமிடம் ஒதுக்குங்கள். நகர மையத்தில் வேக வரம்பு 40, பலகை இல்லாத குடியிருப்புத் தெருக்களில் 50. டிராம் தண்டவாளம் ஈரமாக இருந்தால் முடிந்தவரை செங்குத்தாகக் குறுக்கே கடந்து போங்கள், தண்டவாளத்தின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், சாய்க்காதீர்கள். கதவு திறந்த டிராமைத் தாண்டிப் போகக் கூடாது. மையத்தில் சில சந்திப்புகளில் வலது பக்கம் திரும்ப இடது ஓரத்திலிருந்துதான் திரும்ப வேண்டும்: இடப்பக்கமாக முன்னே போய் நின்று, நீங்கள் போக வேண்டிய சாலைக்குப் பச்சை விழுந்ததும் வலதுபுறம் போவது. இங்கே புதிதாக வந்தவர்கள் பகலில் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

நிற்கும் வண்டிகளுக்கு இடையில் 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் நுழைந்து முன்னே போவது 2015 நவம்பரிலிருந்து இங்கே சட்டப்படி சரி. மேற்குப் புறநகரிலிருந்து வருகிறவர்களுக்கு வெஸ்ட் கேட் பாலத்தின் பக்கக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் நாலு பருவம் என்று இந்த ஊரைச் சொல்வார்கள், காலையில் 35 டிகிரி இருந்த நாளில் சாயங்காலம் தென்மேற்குக் காற்று அடித்து 18-க்கு இறங்கும். குளிர்காலத்தில் சூடாகும் கைப்பிடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஐஸ் மாதிரி கையோடு போய் யாரையும் தொட முடியாது.

தைரியத்துக்கு ஒரு பெக் என்ற பழக்கம் இருந்தால் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு டிராமில் போங்கள். முழு லைசென்ஸ்காரருக்கு வரம்பு 0.05, பைக் லைசென்ஸ் புதிதாக எடுத்தவருக்குப் பூஜ்யம், காருக்கு முழு லைசென்ஸ் இருந்தாலும் பைக்கில் பூஜ்யம்தான். ரோட்டில் எச்சில் எடுத்துப் போதைப் பொருள் சோதிப்பதும் இந்த மாநிலத்தில் 2004-லிருந்து நடக்கிறது.

எங்கே நிறுத்துவது

நடைபாதையில் நிறுத்தலாம் என்ற விதிக்கு ஒரு நிபந்தனை: நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தாராளமாகப் போக வழி விட்டு, சரிவுப் பாதை, டிராம் நிறுத்தம், கடை வாசல், கட்டட நுழைவாயில் எதையும் மறைக்காமல், தடைப் பலகை இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். நடைபாதையில் ஓட்டிக்கொண்டே போகாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை. சவுத்பேங்க், டாக்லேண்ட்ஸ் பக்கம் ஒரு சிக்கல் உண்டு: நடைபாதை மாதிரியே தெரியும், ஆனால் அது கட்டடத்தின் சொந்த முற்றமாக இருக்கும், செக்யூரிட்டி வந்து யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லும் நிலைமையே வரக் கூடாது, கட்டடத்தின் எந்த வீட்டுக்கு யார் யார் வந்துபோகிறார்கள் என்று நிர்வாகம் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் பாதிக்கப்படுவது அவர்தான்.

அதனால் அவர் கட்டடத்தின் வாசலில் நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நாலைந்து பைக் நிற்கும் இடமாக, இரண்டு தெரு தள்ளி, ஹோட்டலோ கடைகளோ இருக்கும் பக்கமாக நிறுத்திவிட்டு நடந்து போங்கள். செயின்ட் கில்டா மாதிரிப் பகுதியில் இதற்குப் பஞ்சமே இல்லை. அமைதியான புறநகர் என்றால் தெருவுக்குள் நுழையும்போதே கியரைக் கூட்டி ஆக்சிலரேட்டரைக் குறைத்து வாருங்கள், சைலன்சரை மாற்றி வைத்திருப்பவர்கள் பெரிய சாலையிலேயே நிறுத்திவிடுவது உத்தமம். ராத்திரி 11 மணிக்கு சைடு ஸ்டாண்ட் நடைபாதைக் கல்லில் மோதும் சத்தம்கூட எதிர் வீட்டு ஜன்னல்வரை கேட்கும். கோடையில் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டையான பிளாஸ்டிக் துண்டு வையுங்கள், 40 டிகிரி வெயிலில் இளகிய தாரில் ஸ்டாண்ட் மெல்ல இறங்கி, நீங்கள் மேலே இருக்கும் நேரத்தில் வண்டி கீழே படுத்துவிடும். ஸ்டீயரிங் லாக், டிஸ்க் லாக் போடுங்கள். பைக் அலாரம் அதிர்வு பட்டாலே அலறுகிற ரகமாக இருந்தால் அணைத்துவிடுங்கள், பாதியில் ஓடிவர வேண்டியிருக்கும்.

வாசலில்

ஹெல்மெட்டை பைக் பக்கத்திலேயே கழற்றுங்கள். தலையுறையையும் கூலிங் கிளாஸையும் சேர்த்து. இன்டர்காம் கேமராவில் முகமே தெரியாத ஒரு கருப்பு உருவம் நிற்பதைப் பார்த்து எந்தப் பெண்ணும் பட்டனை அழுத்தமாட்டார், அழுத்தவும் கூடாது. முடியைக் கையால் ஒதுக்கி, ஜாக்கெட் ஜிப்பைத் திறந்துவிட்டு, சாதாரணமாக ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் உங்களைச் சாப்பாடு டெலிவரிக்காரர் என்று நினைத்து லாபியில் யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஹெல்மெட்டுக்கு பைக்கிலேயே பூட்டு இருந்தால் அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம், மழை வருமா என்று மட்டும் பாருங்கள்.

சொன்ன நேரத்துக்கு 5 நிமிடம் முன்னால்கூட பெல் அடிக்காதீர்கள். முந்தின வாடிக்கையாளர் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருக்கலாம், லிஃப்டில் நேருக்கு நேர் பார்ப்பது இரண்டு பேருக்கும் சங்கடம். முன்னாலேயே வந்துவிட்டால் காபிக் கடையில் உட்காருங்கள், அவர் ஜன்னலுக்குக் கீழே எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்காதீர்கள். தாமதமானால் உடனே எழுதுங்கள். முடிகிற நேரம் அதனால் தள்ளிப்போகாது, உங்களுக்கான நேரம்தான் குறையும்.

லிஃப்டில் ஹெல்மெட்டின் ப்ளூடூத்தை அணையுங்கள். இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு: ஃபோனுக்கு வரும் அழைப்பு ஹெல்மெட் ஸ்பீக்கருக்குப் போய், மேஜையில் கவிழ்த்து வைத்த ஹெல்மெட் உங்கள் மேனேஜரின் பெயரை உரக்கப் படிக்கும்.

உள்ளே போனதும் பூட்ஸை வாசலில் கழற்றி, ஈர உடுப்பைப் பையில் போட்டு, ஜாக்கெட்டை எங்கே வைப்பது என்று கேளுங்கள். வெள்ளைச் சோபாவில் எறிய வேண்டாம். கவரைக் கேட்காமலேயே, அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள். வீட்டில் குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்பது பைக்காரனுக்குச் செல்லாது, ஜாக்கெட்டுக்குள் அரை மணி நேரம் வெந்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம், ஆணுறை விஷயத்தில் பேச்சே கிடையாது. மற்றபடி உள்ளே நடப்பது உங்கள் இருவர் விஷயம், அதற்கு பைக் வழிகாட்டி தேவையில்லை.

திரும்பும்போது

நேரம் முடிவதற்கு 10 நிமிடம் முன்பே எழுந்துவிடுங்கள். பூட்ஸ், முழங்கால் பட்டை, ஜாக்கெட் என்று நமக்கு உடுத்தவே நேரம் பிடிக்கும், அது அவர் நேரத்தைச் சாப்பிடக் கூடாது. கையுறை, சாவி, இயர்பிளக் மூன்றையும் எண்ணிக்கொண்டு கதவைத் தாண்டுங்கள், சாவியை மறந்துவிட்டு மறுபடி இன்டர்காமில் நிற்பதைப் போலத் தர்மசங்கடம் வேறில்லை. ஹெல்மெட்டை மறுபடியும் பைக் பக்கத்தில் போய்த்தான் மாட்ட வேண்டும்.

கிளம்பும் முதல் சில நிமிடங்கள்தான் ஆபத்து. உடம்பு தளர்ந்து, மனசு எங்கோ இருக்கும், தெரு காலியாக இருப்பதால் கை தானாகத் திருகும். ஒரு தண்ணீர் பாட்டில் குடித்துவிட்டு, ஃபோனை ஒருமுறை பார்த்துவிட்டு, தலை தெளிந்தபிறகு எஞ்சினைப் போடுங்கள். தூக்கம் வந்தால் பெட்ரோல் பங்க்கில் நிறுத்திக் காபி குடியுங்கள்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாக. கார்ல்டனில் ஸ்வான்ஸ்டன் தெருவில் இருக்கும் மெல்போர்ன் பாலியல் நல மையத்தில் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம், டாக்டர் கடிதம் தேவையில்லை. தொடர்ந்து சந்திப்புகளுக்குப் போகிறவர் 3 மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது நல்லது. ஆணுறை கிழிந்து எச்ஐவி பயம் வந்தால் அதற்கான தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் போகப் போக நல்லது, ஆகவே காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்காதீர்கள்.

பிடித்துப்போய் மறுபடி போக வேண்டும் என்றால் முறையாக மறுபடி புக் செய்யுங்கள். அந்தப் பக்கமாக வேறு வேலையாக ஓட்டிக்கொண்டு போகும்போது மாடியில் விளக்கு எரிகிறதே என்று பெல் அடிப்பதோ, அந்தத் தெருவில் நிறுத்திய பைக்கின் படத்தை நண்பர்கள் குழுவில் போடுவதோ, வேறோர் இடத்தில் அவரைப் பார்த்ததும் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிக் கையசைப்பதோ கூடாது. சிக்னலில் பக்கத்துக் காரில் அவரே உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் அவரைப் பார்த்ததே இல்லை, பச்சை விழுந்ததும் கிளம்பிவிடுங்கள்.